ஓடைக்கரை மெம்பர்

குற்றாலத்தை அடுத்த ஒரு மலையடிவாரக் கிராமத்தில் ஊராட்சித் திட்டத்துக்கு வரைபடம் தயாரிக்கப் போயிருந்தபோது அந்த வார்டு மெம்பரைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். நல்ல உயரம். பேசத் தொடங்குமுன் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வார்.

காட்டிலிருந்து இறங்கும் ஓடையின் இரு கரையிலும் கட்டடம் கூடாது என்ற தீர்மானம் அன்று கிராமசபைக்கு வந்தது. யானைகள் தண்ணீருக்கு இறங்கும் வழி அது. சீசன் கூட்டத்தை நம்பி அங்கே காட்டேஜ் கட்டப் பலர் காத்திருந்தார்கள்.

"ஒங்க மவனும் அங்கன ஒங்க வாழத்தோப்புலதான கட்டப் போறான், மெம்பரக்கா? அவனுக்கும் சேத்துதானா?" என்றார் ஒருவர்.

அவர் தலைப்பைச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"அவனுக்குந்தான். வழிய அடச்சா யான ஊருக்குள்ளலா வரும். மொத எல்லக் கோட்ட எங்க வாழத்தோப்புலயே போடுங்க."

பின்வரிசையில் இருந்த மகன் எழுந்து வெளியே போனான். தீர்மானம் நிறைவேறியது.

டீ குடிக்கும்போது, "வீட்டில் சண்டை வராதா?" என்று கேட்டேன்.

"வந்தாச்சு சார். இந்தப் பேச்சு வந்ததுலருந்து ஒரு மாசமா எங்கிட்ட பேச மாட்டக்கான். சாப்புட மட்டும் வருதான்."

மகன் போன பக்கத்தைப் பார்த்தபடி டீயை ஆற்றினார்.

மறு வருஷம் அந்த வழியாகப் போனேன். யானைகள் இறங்கி வாழைத்தோப்பில் பாதியை மிதித்துப் போட்டிருந்தன. அம்மாவும் மகனும் புதுக் கன்றுகள் நட்டுக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் பேச்சு திரும்பிவிட்டதா என்று அறியச் சற்று நேரம் நின்றேன். தெரியவில்லை. குழிக்குள்ளிருந்து அவன் கையை நீட்டினான். அவர் ஒரு கன்றை எடுத்துக் கொடுத்தார்.