நெல்லுக்கு மேலே நின்ற பஸ்

போன வருடத்துக்கு முந்தின வருடம், மாசி மாதத்தில், படுவான்கரையில் எங்கள் வயல்வெளியான வட்டையோடு ஒட்டிப் போகும் தார் வீதியில் நடந்தது இது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே கிடக்கும் வயல் பக்கம்தான் படுவான்கரை. எங்களுக்கு வருடத்தில் இரண்டே காலம், மாரியும் கோடையும். ஐப்பசியில் தொடங்கும் மழை தை பிறந்து கொஞ்ச நாளில் ஓய்ந்துவிட வேண்டும். பிறகு வெயில். வைகாசிக்கு மேல் கச்சான் காற்று கிளம்பினால் அடுப்படியில் நிற்பது போலிருக்கும். இதெல்லாம் மழைக்கும் தெரியும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். இப்போது சில வருடங்களாக மழைக்கு மாதம் மறந்துபோயிற்று. அறுவடை நேரம் பார்த்து வந்து நிற்கிறது.

அந்த மாரியில் வெள்ளம் எங்கள் பள்ளக்காணியை அப்படியே அழித்துவிட்டது. மேட்டில் இருந்த இரண்டு ஏக்கர்தான் மிஞ்சியது. அதில் விளைந்த நெல்தான் எங்கள் வீட்டுக்கு ஒரு வருடச் சோறு. அடுத்த போகத்துக்கு விதையும் அதுதான். அதை விட்டால் எங்களுக்கு வேறொன்றும் இல்லை.

கையால் வெட்டிய காலத்தில் கதிரைச் சூடு என்று போராக அடுக்கி வைத்து, காய்ந்த பிறகுதான் அடிப்பார்கள். இப்போது மெஷின் வந்து வெட்டி, அங்கேயே நெல்லாகக் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. அது ஈர நெல். உடனே காயப்போடாவிட்டால் உள்ளுக்குள் சூடேறி அவிந்துவிடும், இல்லாவிட்டால் முளைத்துவிடும். அவ்வளவு நெல்லையும் காயப்போட எந்த வீட்டில் முற்றம் இருக்கிறது? ஆகவே வீதியில் பாதியைப் பிடித்துப் பரப்பிவிட்டு, ஓரத்தில் கல் வைத்துவிடுவோம். அது சரியில்லை என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் அதைத்தான் செய்கிறோம்.

அன்று என் வீட்டுக்காரர் நெல் ஏற்ற உழவு இயந்திரம் தேடி அடுத்த ஊருக்குப் போய்விட்டார். நானும் என் மச்சாளும்தான் நெல்லைப் பரப்பினோம். வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. மூடுவதற்குப் படங்கு எடுத்து வரவா என்று மச்சாள் கேட்டாள். மாசியில் படங்கு எதற்கடி என்று நான்தான் தடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பட்டணத்துக்குப் போகும் பஸ் வந்தது. சாரதி ஏறாவூர்ப் பக்கத்து முஸ்லிம் ஆள், ஐம்பது வயதிருக்கும். அப்படியானவர்களை நாங்கள் அண்ணன் என்கிற அர்த்தத்தில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். எதிரே வந்த லொறிக்கு இடம் விடப்போய், பஸ்ஸின் ஒரு பக்கச் சில்லு இரண்டையும் என் நெல்லின் மேல் ஏற்றிவிட்டார். நெல் தெறித்து வாய்க்காலில் விழுந்தது. நெல் கிளறும் பலகையோடு நான் போய் பஸ்ஸுக்கு முன்னால் நின்றேன். என் வாயைப் பற்றி ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அவரும் லேசுப்பட்டவரில்லை.

“றோட்டு என்ன உங்கட அப்பாட வட்டையா, தங்கச்சி?”

“நெல்லுக்கு மேல ஏத்தின ஆளுக்குச் சோறு தொண்டையில இறங்காது, காக்கா.”

அவருடைய முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது. பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் சிதறியதைக் கூட்டி அள்ளினேன்.

மத்தியானம் தாண்டி வெயில் புழுக்கமாக மாறியது. காற்று நின்றுவிட்டது. வாவிப் பக்கம் பார்த்தால் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. வீட்டுக்காரரையும் காணோம், உழவு இயந்திரத்தையும் காணோம். நீளத்துக்குக் கிடந்த நெல்லை இரண்டு பெண்கள் குவித்து, சாக்கில் போட்டுக் கட்டி முடிக்க முடியாது. மழை அதுவரை பொறுக்காது என்று தெரிந்தது. மச்சாள் அழத் தொடங்கிவிட்டாள். இதுவும் போனால் வருடம் முழுக்கக் கடை அரிசிச் சோறுதான், விதைக்கு யாரிடமாவது போய் நிற்க வேண்டும்.

அப்போதுதான் காலையில் போன பஸ் திரும்பி வந்தது. இன்றைக்கு ஆசை தீர ஏற்றிவிட்டுப் போகப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் பஸ் நின்றது. சாரதி இறங்கி வானத்தைப் பார்த்தார், நெல்லைப் பார்த்தார். திரும்பிப் பஸ்ஸுக்குள் ஏதோ சொன்னார். ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். ஆண்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கையாலேயே தள்ளினார்கள். இரண்டு ரீச்சர்மார் சாப்பாட்டுப் பெட்டி மூடியால் அள்ளினார்கள். சந்தையிலிருந்து மீன் வாங்கி வந்த ஒரு மனுசி, மீன் நாறப்போகுது என்று சொல்லிச் சொல்லியே சாக்கு பிடித்தார். அப்படியும் பாதி நெல்தான் சாக்குக்குள் போயிருக்கும். முதல் துளி விழுந்துவிட்டது.

சாரதி என்னிடம் வந்தார்.

“காலையில ஏத்தாதீங்க எண்டு ஏசினீங்க. இப்ப ஏத்தட்டா?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவரே சொன்னார். வீதியின் நடு மேடாக இருப்பதால் தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து ஓடிவிடும். மிச்ச நெல்லை நடுவே நீளமாக, உயரமில்லாமல் ஒதுக்கிவிட்டால், சில்லுகளுக்கு இடையில் வருகிற மாதிரி பஸ்ஸைக் கொண்டுவந்து மேலே நிறுத்திவிடலாம்.

“ஏத்துங்க காக்கா” என்றேன்.

நடத்துனர் முன்னால் நின்று கை காட்ட, பஸ் நெல்லுக்கு மேலே மெல்ல ஊர்ந்து வந்து நின்றது. கட்டிய சாக்குகளை உள்ளே ஏற்றினார்கள். மழை சாய்ந்து அடித்த பக்கம் குடைகளை விரித்துச் சில்லுகளுக்கு இடையில் செருகினார்கள். எல்லோரும் ஏறி யன்னல்களைப் பூட்டியதும் மழை கொட்டியது.

அந்தப் பஸ்ஸுக்குள் வேர்வையும் மீனும் ஈர நெல்லும் மணத்தன. பின்னால் வந்த வாகனங்கள் கோன் அடித்தன. நடத்துனர் நனைந்தபடி போய் விசயத்தைச் சொன்னதும் அடங்கிவிட்டன. ஒருவர் மட்டும் நேரம் போகிறது என்று கடைசிவரை புறுபுறுத்துக்கொண்டே இருந்தார். நெல் அள்ளும்போது அவரும்தான் குனிந்து அள்ளினார்.

மழை விட்டதும் சாக்குகளை இறக்கித் தந்துவிட்டு, பஸ் நேரே முன்னால் போனது. ஓரத்து நெல் கொஞ்சம் நனைந்திருந்தது. ஓரிடத்தில் எஞ்சின் எண்ணெய் சொட்டியிருந்தது, அதை வழித்து எறிந்தேன். மற்றதெல்லாம் தப்பிவிட்டது. நான் ஏதாவது சொல்வதற்குள், ஏற்கெனவே சுணங்கிவிட்டது என்று சாரதி போய்விட்டார்.

புது நெல் குற்றியதும் முதல் அரிசியில் பொங்கிப் படைத்துவிட்டு, வேண்டியவர்களுக்கும் கொஞ்சம் கொடுப்பது எங்கள் வழக்கம். அந்த முறை ஒரு சின்னப் பையில் அரிசி கட்டிக்கொண்டு வீதிக்குப் போய்ப் பஸ்ஸை மறித்தேன். சாரதி பையை வாங்கி ஒரு கைப்பிடி அள்ளி மணந்து பார்த்தார்.

“இது தொண்டையில இறங்குமா, தங்கச்சி?”

பஸ்ஸே சிரித்தது. வெட்கமும் சந்தோசமும் ஒன்றாக வந்ததில் கண் கலங்கிவிட்டது.

காலையில் அவர் நெல்லில் ஏற்றியது பிழைதான், அதை இன்றைக்கும் சொல்வேன். மாசியானாலும் சரி, பங்குனியானாலும் சரி, படங்கு இல்லாமல் நான் இப்போது வீதிக்குப் போவதில்லை. இருந்தும் நெல் கிடக்கையில் மேகம் கறுத்தால், வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பஸ் வரும் பக்கத்தைத்தான் என் கண் தேடுகிறது.