அக்காவின் படகில் நான் ஆற்றிய உரை

பேச்சுப் போட்டிகளில் தோல்வியறியாத என்னைத் தன் வழக்கை எடுத்துரைக்க அக்கா அழைத்தபோது, ஆளைத் தேர்ந்தெடுத்த அவளது அறிவை நான் மனமார மெச்சினேன்.

வழக்கு எளியது. தாயகம் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து பழைய பாய்ப்படகொன்றை வாங்கிய அத்தான், அதைப் பாசிர் பாஞ்சாங் கரைக்கு அப்பால் நிறுத்தி, மனைவி மக்களோடு அதிலேயே குடியிருந்தார். மூத்தவளுக்குப் பள்ளி செல்லும் வயது. கரையில் அறையெடுத்துப் பள்ளியில் சேர்ப்போம் என்றாள் அக்கா. எழுத்தை நானே கற்பிப்பேன், படகைவிட்டு இறங்கேன் என்றார் அத்தான்.

“நான் சொன்னா அவர் காதுல ஏறலடா. நீ வந்து பேசு லா” என்றாள்.

சிராங்கூன் சாலை வாடகை அறையில், கண்ணாடி முன் நின்று ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன்.

ஞாயிறன்று நான் படகில் ஏறியதும், காற்று வாகாக இருப்பதாகச் சொல்லி அத்தான் பாயை விரித்துவிட்டார். சின்னவனின் இடுப்பில் கைலியைக் கட்டி, படுக்கும் அளவுக்கு நீளம் விட்டுப் பாய்மரத்தோடு முடிந்திருந்தார்கள். அடுப்பு சரியாதபடி காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு அக்கா மீன் குழம்பைக் கிளறினாள். தலைக்குமேல் சின்னவனின் கால்சட்டைகள் தோரணமாய் ஆடின. இப்படியோர் அவையை நான் அதுவரை கண்டதில்லை. ஆயினும் எழுந்து நின்றேன்.

“அன்பும் பண்பும் நிறைந்த அத்தான் அவர்களே!”

“உக்காந்தே பேசு மாப்ள, நல்லா கேக்குது” என்றார், சுக்கானைப் பிடித்திருந்த அத்தான்.

உட்கார்ந்து முழங்குவது என் மரபன்று.

“அலைகளை எண்ணும் இந்தப் பிஞ்சு, அகரத்தை அறிய வேண்டாவா? நீந்தும் மீனுக்கும் ஒரு கூட்டம் உண்டு. இந்தச் சிறுமிக்குத் தோழி ஒருத்தி உண்டா?”

வலக்கரம் வானை நோக்கி உயர்ந்தது. அக்கணமே அக்காவும் பிள்ளைகளும் பலகையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தனர். சொல்லால் மனிதரைச் சாய்க்கலாம் என்று படித்திருந்தேன். அன்று கண்ணாரக் கண்டேன். அத்தான் ஒருவர்தான் “குனி! டேய், குனிடா!” என்று கத்திக்கொண்டிருந்தார். குறுக்கிடுவோரைத் திரும்பியும் பாராதே என்பது மேடைப் பயிற்சியின் முதல் பாடம். நான் பார்க்கவில்லை.

பாய் பக்கம் மாறும்போது அதன் அடிக்கட்டை தலை மட்டத்தில் வீசிவரும் என்பதையும், ‘குனி’ என்ற குரல் கேட்டால் படகிலுள்ளோர் படுத்துவிடுவர் என்பதையும் நான் கடலுக்குள்ளிருந்து கற்றேன்.

சட்டைக் காலரைப் பிடித்து என்னைப் படகுக்குள் தூக்கிப் போட்டார்கள்.

“மாமா, இன்னொரு வாட்டி குதிங்க!” என்றான் சின்னவன்.

“பள்ளிக்கூடம் போனா இப்படித்தான் ஆவாங்களா?” என்று அக்காவைக் கேட்டார் அத்தான்.

“அது இவனோட சொந்தத் தெறமைங்க.”

மூத்தவள் இன்னும் குப்புறப் படுத்தபடியே, மோவாயைப் பலகையில் ஊன்றித் தகப்பனைப் பார்த்தாள்.

“மீனுக்கெல்லாம் கூட்டம் இருக்காம்ப்பா. எனக்கு ஏன் யாருமே இல்ல?”

அத்தான் சரியாகவே இருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

“தஞ்சோங் பகார்ல ரூம் இருக்கான்னு கேட்டுப் பாக்குறேன்” என்றார், என்னைத் தவிர்த்து எல்லோரையும் பார்த்து.

என் நாவன்மையின் பயன் அது என்றே நண்பர்களிடம் கூறிவருகிறேன். மருமகளுக்கு இப்போது தோழியர் ஏராளம். மாமா பேசிக்கொண்டே கடலில் விழுந்த கதையை அவர்களுக்கு இடைவேளைதோறும் நடித்துக் காட்டுகிறாளாம். நான் இதுவரை பெறாத அளவுக்குக் கைதட்டல் என்று கேள்வி.