ஏழு என்று சொன்ன பதினொன்று

போன வாரம் நண்பர் சம்பந்தத்திடமிருந்து போன். மயிலாடுதுறை பக்கத்தில் நெல் காயவைக்கும் டிரையர் மெஷின் வைத்து நடத்துகிறார். “புது கம்ப்யூட்டர் மாட்டினேன். டிரையர் ஓட மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாருங்க.”

சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவனை ஊரில் எல்லா மெஷினுக்கும் கூப்பிடுவார்கள். மிக்ஸிக்குக்கூட! போனேன்.

வாசலில் டிராக்டர் டிரெய்லர் நிறைய குறுவை நெல். அறுக்கும்போதே மழை பிடித்துக்கொண்டதாம். தார்ப்பாய்க்குள் கையை விட்டால் வெதுவெதுவென்று சூடு. இன்னொரு நாள் இப்படியே கிடந்தால் முளைத்துவிடும். நெல்லுக்குச் சொந்தக்காரர் செல்வராணி... விவசாயம் படித்தவர், குத்தகைக்கு நிலம் எடுத்துச் சாகுபடி செய்கிறார். வானத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்கிரீனில் ஒரே வரி: ‘விண்டோஸ் 7 தேவை.’ புதுக் கம்ப்யூட்டரில் இருப்பதோ 11.

டிரையரை ஓட்டும் புரோகிராமை எழுதிய புண்ணியவான் என்ன செய்திருக்கிறார்? புரோகிராம் கண் விழித்ததும் முதல் வேலையாக, ‘நீ யார், எந்த வெர்ஷன்?’ என்று கம்ப்யூட்டரைக் கேட்கிறது. பதில் 7 இல்லையா? கதவைச் சாத்திவிடுகிறது. சென்சாரைப் படிக்க முடியுமா, ஃபேனை ஓட்ட முடியுமா — கேட்க வேண்டியது இதைத்தானே?

நான் செட்டிங்கைத் தேடிக்கொண்டிருந்தேன். பின்னால் சம்பந்தம் செல்வராணியிடம் பேச்சுக் கொடுத்தார்.

“எந்த ஊரும்மா?”

“கீழ்வேளூர் பக்கம் சார்.”

“பக்கம்னா... எந்தத் தெரு?”

டெல்டாவில் தெருவைக் கேட்டால் எதைக் கேட்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குச் சுருக்கென்றது. செல்வராணி அசரவில்லை.

“நெல்லு ஈரப்பதம் இருபத்திரண்டு சார். அதக் கேளுங்க.”

சம்பந்தம் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டார்.

கம்ப்யூட்டர் விஷயத்துக்கு ஒரு வழி உண்டு. இந்த புரோகிராம் கேட்டால் மட்டும் ‘நான் 7’ என்று சொல்லும்படி விண்டோஸிடமே சொல்லிவைக்கலாம். பழைய புரோகிராம்கள் மிரளாமல் இருக்கச் செய்துவைத்த ஏற்பாடு. ஒரு டிக் போட்டேன். அது கேட்டது, இது சொன்னது, அது நம்பிவிட்டது. டிரையர் உறுமிக்கொண்டு கிளம்பியது.

“அது 11தானேங்க? 7ன்னு பொய் சொல்லுதா?” சம்பந்தத்துக்கு ஆச்சரியம்.

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வராணி முந்திக்கொண்டார். “தஞ்சாவூர்ல வாடகைக்கு வீடு தேடினப்ப நானும் வேற தெரு பேரத்தான் சார் சொன்னேன். நெசத்தச் சொன்ன எடத்துல எல்லாம் கதவு தொறக்கலையே.”

சொல்லிவிட்டு, நெல்லைக் கொட்ட டிரெய்லரிடம் போனார்.

முதல் தூறல் விழுவதற்குள் முழு லோடும் உள்ளே போய்விட்டது. செல்வராணி அப்போதுதான் உட்கார்ந்தார். எனக்கும் நிம்மதி.

அடுத்த டிரெய்லர் வாசலில் வந்து நின்றது. சம்பந்தம் எழுந்துபோய் டிரைவரைக் கேட்டார்: “எந்த ஊருப்பா... எந்தத் தெரு?”

கம்ப்யூட்டரை மாற்றிவிட்டார். அவருக்குத்தான் இன்னும் அப்டேட் வரவில்லை!