டப்பா சிவப்பு காட்டிய நாட்கள்

இது நடந்து மூன்று நான்கு வருடம் இருக்கும். அப்போது நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, தினமும் விடியற்காலையில் பஸ் பிடித்து அரியமங்கலத்தில் உள்ள ஒரு ஜிம்முக்குப் போய்க்கொண்டிருந்தேன். லேத் பட்டறைகளுக்கு நடுவில் தகரக் கூரை போட்ட சின்ன ஜிம். வலுதூக்கும் போட்டியில் மாநில அளவில் மெடல் வாங்கியவள் நான். இப்போது என்னைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கே சில நாள் நம்பிக்கை வருவதில்லை.

சொந்த ஊர் துறையூர் பக்கம். அப்பாவுக்கு வெங்காயமும் மக்காச்சோளமும்தான் பிழைப்பு. அந்த வருடம் ஓர் அரசுத் துறையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் பெண்களுக்கு ஒரே ஒரு இடம் இருந்தது. மார்கழியில் செலக்‌ஷன். வயது வரம்புப்படி எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. கிடைத்தால் வேலை, தொடர்ந்து போட்டிகள். கிடைக்காவிட்டால் வீட்டில் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளை. அந்த மனிதர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. எடைத் தட்டுகள் மாட்டிய இரும்பு பாரைத் தோளில் ஏற்றாத ஒரு வாழ்க்கையைத்தான் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நான் குடியிருந்த வீட்டு மாமி தங்கமானவர். ஆனால் அந்த வீட்டில் முட்டை என்ற சொல்லைக்கூட சத்தமாகச் சொல்ல முடியாது. அதனால் துறையூர் பஸ்ஸில் அம்மா கொடுத்துவிடும் நாட்டுக்கோழி முட்டைகள் நேராக ஜிம்முக்குப் போய், மாஸ்டர் வீட்டு அக்கா அடுப்பில் வெந்து, அங்கேயே என் வயிற்றுக்குள் போய்விடும். எனக்குப் பயிற்சி கொடுத்தவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம்.

மாஸ்டர் அந்த வருடம் புதிதாக ஒரு கருவி வாங்கியிருந்தார். டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி. அதன் மேல் பக்கத்தில் ஒரு சின்னத் துளை, அதிலிருந்து மெல்லிய நூல் ஒன்று வெளியே வரும். நூலின் முனையை பாரில் மாட்டி, பெட்டியைத் தரையில் வைத்துவிட்டால் போதும். பார் மேலே போகிற வேகத்தை அளந்து போனுக்கு அனுப்பிவிடும். வேகமாக ஏறினால் திரையில் பச்சை, மெதுவாக ஏறினால் மஞ்சள், ரொம்பவும் திணறினால் சிவப்பு. சிவப்பு வந்தால் உடம்பு களைத்துவிட்டது, எடையைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம். செலக்‌ஷனுக்குப் போகிறவருக்கு மட்டும்தான் அதை மாட்டுவார். அந்த வருடம் போகிறவள் நான் ஒருத்திதான்.

ஆடி, ஆவணி முழுக்கப் பச்சை. மாஸ்டர் எடையை ஏற்றிக்கொண்டே போனார். எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அம்மாவிடம் போனில், "என் தலையெழுத்தே இப்ப ஒரு டப்பாக்குள்ள இருக்கும்மா" என்று பெருமையடித்தேன்.

அதைக் கேட்டுத்தானோ என்னவோ, ஆயுத பூஜைக்கு அம்மாவே கிளம்பி வந்துவிட்டாள். கதம்பம், பொரிகடலை, வாழைப்பழம் எல்லாம் பை நிறையக் கொண்டுவந்தாள். ஜிம்மைக் கழுவி, பார், தட்டு, பெஞ்ச் ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தோம். "எதுடி அந்த டப்பா?" என்று அம்மா கேட்டாள். காட்டினேன். சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்து எடுத்து, அதன் உச்சியில் அப்பினாள். கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்றாள். மாஸ்டர்கூட, "அம்மா வேண்டுதலுக்கே மெடல் வந்துரும்போல இருக்கே" என்று சிரித்தார்.

பூஜை விடுமுறை முடிந்து பாரைத் தூக்கினேன். மஞ்சள் காட்டியது. "பொரிகடலை வேலை செய்யுது" என்றார் மாஸ்டர். அடுத்த வாரம் சிவப்பு. அதற்கடுத்த வாரமும் சிவப்பு.

"மாஸ்டர், எனக்கு லேசாத்தான் இருந்துச்சு."

"உனக்கு அப்படித்தாம்மா தோணும். மிஷினுக்கு ஆசை கிடையாது, உள்ளதைத்தான் சொல்லும். குறைச்சுக்குவோம்."

எனக்கும் அது சரி என்றே பட்டது. படித்தவள் அல்லவா, எண் பொய் சொல்லாது என்று நம்பினேன். எடையைக் குறைத்தோம். குறைத்த எடைக்கும் சிவப்பு வந்தது. மறுபடியும் குறைத்தோம். ரத்தப் பரிசோதனை செய்தேன், எல்லாம் சரியாக இருந்தது. தீபாவளிக்கு ஒரு அதிரசம்கூட வாயில் வைக்கவில்லை. எட்டு மணிக்கே படுத்தேன், தூக்கம்தான் வரவில்லை. பஸ் காவிரிப் பாலத்தில் போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு, இன்றைக்காவது பச்சை காட்டு சாமி என்று வேண்டிக்கொள்வேன். உடம்பு என்னைக் கைவிட்டுவிட்டது, எனக்கு எதுவுமே மிச்சமில்லை என்று தோன்றியது. யாரிடம் சொல்லி அழுவது என்றும் தெரியவில்லை.

கார்த்திகை முடியும்போது பார் நிஜமாகவே கனத்தது. கனக்காமல் என்ன செய்யும்? இரண்டு மாதமாக நான் தூக்கியதெல்லாம் புதிதாக ஜிம்முக்கு வருகிறவர்கள் தூக்கும் எடை.

செலக்‌ஷனில் பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்தான் முதலில். ஆவணியில் நான் பேசிக்கொண்டே தூக்கிய எடையைத் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் நின்றவர்கள் பாரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டார்கள். அடுத்த வாய்ப்பிலும் அப்படியே. மூன்றாவதில் உட்காரும்போதே முடியாது என்று தெரிந்துவிட்டது. அந்த ஒரே இடத்துக்குத் தேர்வான பெண் தூக்கிய எடை, நான் புரட்டாசி வரை தினசரி தூக்கியதைவிடக் குறைவு. வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் இனி எதுவும் இல்லை என்பது உறைத்தது.

தை மாதம் மாஸ்டர் போன் செய்து கூப்பிட்டார். போக மனமில்லாமல்தான் போனேன். பெட்டியைப் பிரித்து ஒரு துணியின் மேல் பரப்பி வைத்திருந்தார். வேறொரு பெண்ணுக்கு மாட்டுவதற்கு முன்பு, சும்மா வெறும் பாரைத் தானே தூக்கிப் பார்த்திருக்கிறார். அவருக்கும் சிவப்பு காட்டியிருக்கிறது. சந்தேகம் வந்து திறந்தால், நூல் வரும் துளைக்குள்ளும் சுருள்கிற சக்கரத்திலும் சந்தனம் காய்ந்து காறையாகப் பிடித்திருந்தது. பாரை இறக்கும்போது நூல் முழுவதும் உள்ளே சுருளாமல் தொய்ந்து கிடந்திருக்கிறது. ஏற்றும்போது அந்தத் தொய்வு நிமிர்கிற வரைக்கும் நேரம் மட்டும் ஓடியிருக்கிறது, பார் ஏறிய தூரம் கணக்கில் சேரவில்லை. நான் எவ்வளவு வேகமாகத் தூக்கினாலும் மெதுவாக ஏறியதாகவே அது சொல்லியிருக்கும்.

"நான் பாத்திருக்கணும்மா" என்றார் மாஸ்டர். "ஒரே ஒரு தடவை வேற யாரையாவது தூக்க வச்சுப் பாத்திருந்தா போதும். எனக்குத் தோணவே இல்ல." அக்கா காபி கொண்டுவந்து வைத்தார். இருவருமே குடிக்கவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்கூட வரவில்லை. யார் மேல் கோபப்படுவது? பஸ் ஸ்டாப்பில் நின்றேன். ஸ்ரீரங்கம் பஸ்கள் வந்து வந்து போயின. ஏறிப் போய்ச் செய்வதற்கு எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. அந்நேரம் பார்த்து அம்மா போன் செய்து, மாஸ்டர் எதற்குக் கூப்பிட்டார் என்று கேட்டாள். "சும்மாதாம்மா, பாத்துட்டுப் போகச் சொன்னாரு" என்றேன்.

கல்யாணமாகி இப்போது மணப்பாறையில் இருக்கிறேன். கணவர் நல்லவர், வேண்டுமானால் ஜிம்முக்குப் போ என்றுதான் சொல்கிறார். ஒரு தடவை போனேன். வெறும் பாரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. என் வீட்டுக்கு வந்தால் ஏதோ பேச்சில் அந்த செலக்‌ஷன் வந்துவிடும். "நான் இன்னும் மனசார வேண்டியிருக்கணும், எங்கயோ குறை வச்சிட்டேன், அதான் உனக்கு அமையல" என்பாள். நான் "அதெல்லாம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். உண்மையைச் சொன்னால் சந்தனம் அப்பிய அந்தக் கையைப் பார்த்துப் பார்த்தே அவள் உருகிப்போவாள். என் உடம்பு அத்தனை நாளும் என்னிடம் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, அதை நம்பாமல் போனது நான்தான். ஆனால் இல்லாத ஒரு குறையை அம்மா சுமந்துகொண்டிருக்கிறாள், அதை அவளிடமிருந்து இறக்கி வைக்கும் பலம் மட்டும் எனக்கு இன்றுவரை வரவில்லை.