ஏரிக்கரையில் பார்த்த உடும்பு

பத்தாம் வகுப்பில், உயிரினங்களைப் பார்த்துக் குறிப்பெடுக்க எங்களை உப்பல் பக்கம் ஓர் ஏரிக்கு அழைத்துப் போனார்கள். பார்ப்பதற்கு முன்பே குறிப்பு தயாராக இருந்தது. மெட்டுகுடாவில் கிளம்பிய பஸ் தார்னாகா தாண்டுவதற்குள் பயாலஜி மிஸ் போன வருஷத்து ரெக்கார்டை விரித்து, நாங்கள் பார்க்கப்போகும் பதினான்கு பறவைகளையும் சொல்லி எழுத வைத்துவிட்டார். எது எத்தனை என்பது உட்பட.

ஏரியில் ஆகாயத்தாமரையும் எருமைகளும் இருந்தன. நான்கு கொக்குகள். மற்றவர்கள் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தபோது, நானும் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர்வீட்டிலிருந்த தோழியும் கரையோரம் நடந்தோம். உடைந்த சிமென்ட் குழாயிலிருந்து ஓர் உடும்பு வெளியே வந்தது. என் கை நீளம் இருக்கும். நாக்கை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டு, எங்களைச் சட்டை செய்யாமல் புல்லுக்குள் போனது. தோழி என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள். அதுவரை எதையும் நான் அவ்வளவு ஆசையோடு பார்த்ததில்லை.

ரெக்கார்டில் பதினைந்தாவதாக அதை எழுதி, படமும் வரைந்தேன். மிஸ் என்னை வகுப்பு முன்னால் நிறுத்தி, பட்டியலில் இல்லாதது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். ஓணானைப் பார்த்துவிட்டுக் கதை விடுகிறேனாம். வகுப்பே சிரித்தது. இவளும் பார்த்தாள் என்று தோழியைக் காட்டினேன்.

அவள் எழுந்து நின்றாள். "நான் பாக்கல, மிஸ்."

உடும்பின் மேல் குறுக்கே சிவப்புக் கோடு விழுந்தது. யாருமே பார்க்காத பூநாரைக்கு டிக். வீட்டுக்கு வரும் வழியில் அவள் சமாதானம் சொன்னாள். "இன்டர்னல் மார்க் அவங்க கையில இருக்கு. ஒரு உடும்புக்காக கைக்குடி, எதுக்குடி சண்டை?" எனக்கு அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அடங்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதும் இல்லை.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகளைப் பள்ளியில் ஏதோ ஏரிக்குக் கூட்டிப் போகிறார்களாம். தோழி கையை விரித்து நீளம் காட்டினாள்.

"நாங்க போனப்ப இவ்ளோ பெரிய உடும்பு பாத்தோம். நானும் ஆன்ட்டியும் மட்டும்தான்."

குழாய், நாக்கு, புல் என்று எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். ஒன்றைக்கூட மறந்திருக்கவில்லை.

மகள் நம்பாமல் என் பக்கம் திரும்பி, "ஹவ்வா, நிஜமாவா ஆன்ட்டி?" என்றாள். தோழியும் என்னைப் பார்த்தாள்.

"நான் பாக்கலம்மா."

குழந்தை அம்மாவைப் பார்த்துச் சிரித்தது, அன்று வகுப்பு என்னைப் பார்த்துச் சிரித்தது போலவே. இனிக்கும் என்று நினைத்தேன். இனிக்கவில்லை.