சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பார்த்தவர்

செய்தி வந்தபோது நான் சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். அன்று திங்கட்கிழமை. நண்பர் சௌந்தரராஜன் அவர்களும் நானும் சேர்ந்து வாங்கிய எலெக்ட்ரானிக் ஏர் ரைபிள் ஒரு வாரம் அவர் வீட்டிலும், அடுத்த வாரம் உறையூரில் என் வீட்டிலும் இருக்கும். திங்கட்கிழமை கைமாறும். அதை வாங்கிவரத்தான் கிளம்பியிருந்தேன். கைபேசியில் அவருடைய மனைவி கோதை மாமியின் எண்ணைப் பார்த்ததும், "வந்துக்கிட்டே இருக்கேன் மாமி, பஸ்தான் வரலை" என்று எடுத்த எடுப்பில் எரிந்து விழுந்தேன்.

"முருகேசன், இவர் போயிட்டார். கார்த்தால, நாற்காலியில உக்காந்தபடியே" என்றார் மாமி.

அதற்குப் பிறகு நான்கு பஸ்கள் வந்து போயின. ஐந்தாவதில்தான் ஏறினேன்.

காலமானவர்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதுவது வழக்கம். ஆனால் இருபத்தெட்டு ஆண்டுகளாக இந்த மனிதர் எனக்கு மூட்டிய எரிச்சலை ஒதுக்கிவிட்டு எழுதினால் அது வேறு யாரைப் பற்றியோ எழுதியதாகிவிடும். போதாக்குறைக்கு, அவரிடம் சொல்லவேண்டிய ஒன்றை ஒரு வருடமாக நெஞ்சில் வைத்திருந்தேன். அதைச் சொல்லவிடாமல் கிளம்பிவிட்டார். அந்தக் கோபமும் சேர்ந்தேதான் எழுதுகிறேன்.

எங்கள் அறிமுகமே சண்டையில் தொடங்கியது. திருச்சிக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் நான் உற்பத்திப் பிரிவில் இருந்தேன், அவர் மின்பராமரிப்பு. பழுதுபார்க்க நிறுத்திய இயந்திரத்தின் சுவிட்சில் ஒரு சிவப்பு அட்டை தொங்கும். அணைத்தவர் ஒரு கையெழுத்து, அணைந்ததைப் பார்த்தவர் இன்னொரு கையெழுத்து. இரண்டும் இல்லாமல் யாரும் உள்ளே கை வைக்கக் கூடாது. அன்று இரண்டாவது ஆள் தேநீர் குடிக்கப் போயிருந்தார். உற்பத்தி நிற்கிறதே என்று நான் குதித்தேன்.

"விளக்குகூட எரியலையே சாமி, இன்னும் என்ன பாக்கணும்?"

"விளக்கு சொல்றதை நம்பாதேள், முருகேசன். சுவிட்ச் எங்கே இருக்குன்னு பாருங்கோ."

நாற்பது நிமிடம் நின்றேன். அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் இருந்த வரையில் அந்தப் பிரிவில் ஒருநாளும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகாத ஒன்றுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை; நானும் சொல்லவில்லை.

தொழிற்சாலையின் விளையாட்டு மன்றத்தில்தான் இருவரும் சுடப் பழகினோம். அங்கே இருந்தது விசை உடும்புப்பிடியாக இருக்கும் பழைய துப்பாக்கி. ஓய்வு பெற்ற பிறகு ஒரு போட்டியில் எலெக்ட்ரானிக் விசை கொண்ட ரைபிளை அவர் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். "விரல் நினைக்கறதுக்கும் குண்டு கிளம்பறதுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லை" என்று ஒரு மாதம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். தனி ஆள் வாங்கக்கூடிய விலை அல்ல. சேர்ந்து வாங்கினோம். பெட்டி வந்த அன்று ஒரு குண்டாவது சுடலாம் என்று நான் பறந்துபோனால், விளக்கப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை படித்து முடிக்கும்வரை பெட்டியைத் திறக்கவே விடவில்லை.

அவர் வீடு நீளமானது. வாசல் அறையிலிருந்து சமையலறைச் சுவர்வரை டேப் பிடித்து அளந்தார். சரியாகப் பத்து மீட்டர். சுவரில் ஒரு கறுப்புப் புள்ளியை ஒட்டினார். குண்டு போடாமல் விசையை மட்டும் இழுத்துப் பழகும் வசதி அந்த ரைபிளில் உண்டு. தினமும் காலையில் அறுபது முறை இழுப்பார். மாமி கூடத்தில் கால் வைத்தால் உடனே ரைபிளைத் தாழ்த்தி, சுவிட்சை அணைத்து, மேஜையில் வைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

"ஒரு காபி குடுக்கறதுக்குள்ள மூணு தரம் ஆறிப்போறது" என்பார் மாமி.

இனி, போன வருடப் போட்டி. மூத்தோருக்கான மாநிலப் போட்டி, வெளியூர். ரைபிளின் பேட்டரிக்குக் கிளம்பும் முன்பே அவர் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார். காலைச் சுற்று எனக்கு, மதியச் சுற்று அவருக்கு. அறுபது குண்டுகளில் நாற்பது சுட்டிருந்தேன். என் வாழ்நாளில் அப்படிச் சுட்டதில்லை. தேசியப் போட்டிக்கான தகுதி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நாற்பத்தொன்றாவதற்கு விசையை இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பேட்டரி செத்துப்போயிருந்தது. அதற்கு உயிர் கொடுப்பதற்குள் என் நேரம் முடிந்துவிட்டது.

அத்தனை பேர் முன்னிலையில் அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஆஃப் பண்ணாம வச்சிட்டீங்களே சாமி! ஊருக்கெல்லாம் சுவிட்ச் பாடம் நடத்துவீங்க!"

அவர் என்னைப் பார்த்தார். "சரி" என்றார். அவ்வளவுதான்.

திரும்பும் ரயிலில்தான் எனக்கு நினைவு வந்தது. முந்தின நாள் மதியம் அவர் கோயிலுக்குப் போயிருந்தபோது, விடுதி அறையில் ரைபிளை எடுத்து நாலைந்து முறை இழுத்துப் பார்த்தவன் நான். சிறிது நேரம் தொடாமல் விட்டால் அதில் விளக்கு மட்டும் அணைந்துவிடும்; உள்ளே மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். விளக்கு இல்லையே என்று பெட்டியில் வைத்து மூடியிருக்கிறேன். அவர் எதிர் இருக்கையில் உட்கார்ந்து, எனக்காக வாங்கிய இட்லிப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டிருந்தார். நான் வாங்கிச் சாப்பிட்டேன். உண்மையைச் சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பெட்டிக்குள் ஒரு சிவப்பு அட்டையும் ஒரு நோட்டும் இருந்தன. கோடு போட்டுக் கட்டம் கட்டிய நோட்டு: ஆன் செய்தவர், அணைத்தவர், பார்த்தவர். வீட்டில் மாமிதான் மூன்றாவது கையெழுத்தாம்.

"இது துப்பாக்கியா, பாய்லரா சாமி?" என்றேன்.

"ரெண்டுலயும் ஓடறது ஒரே கரண்ட்தானே" என்றார்.

என்னைக் குத்திக்காட்டத்தான் இந்த நோட்டு என்று எனக்குள் பொருமினேன். அவர் யாரையும் குத்திக்காட்டுகிறவர் அல்ல என்று தெரிந்தும் பொருமினேன். என் வாரங்களில் அதைத் திறக்கவே இல்லை. கடைசியாக ரைபிளைக் கொடுக்கப் போன திங்கட்கிழமை, "அடுத்த மாசம் போட்டி. இந்தத் தடவை நீங்க தகுதி வாங்கியாகணும். அதுக்கு முன்னாடி நோட்டைக் கொஞ்சம் பாருங்கோ. முதல் பக்கத்தையாவது" என்றார். "நான் சுட வந்தேனா, கணக்குப்பிள்ளை வேலை பாக்க வந்தேனா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அவரிடம் நான் கடைசியாகப் பேசிய பேச்சு அது.

நான்காம் நாள் மாமி கூப்பிட்டு அனுப்பினார். ரைபிள் வாசல் அறை மேஜையில், அவர் வைத்த இடத்திலேயே இருந்தது.

"இழுத்துண்டே இருந்தார். மூச்சு வாங்கறதுன்னு இதை வச்சுட்டு உக்காந்தார். நான் தொடலை. அணைக்கறவா வேற, பாக்கறவா வேறன்னு எத்தனை தரம் சொல்லியிருக்கார்! நீங்க அணைங்கோ. நான் பாக்கறேன்."

விளக்கு இல்லை. இந்த நாலு நாளில் பேட்டரி செத்திருக்கும். சுவிட்சைப் பார்த்தேன். ஆனில் இருந்தது. கீழே தள்ளினேன். நோட்டில் அன்றைய வரியில், அவர் ஆன் செய்து போட்ட கையெழுத்துக்குப் பக்கத்தில், நான் என் பெயரை எழுதினேன். மாமி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, சுவிட்சைக் குனிந்து பார்த்துவிட்டு, கோதை என்று எழுதினார்.

பிறகு முதல் பக்கத்தைத் திருப்பினேன். முதல் வரியில், போன வருடப் போட்டிக்கு முந்தின நாளின் தேதி. ஆன் செய்தவர்: முருகேசன். அணைத்தவர்: காலி. பார்த்தவர் என்ற கட்டத்தில் அவருடைய குண்டு குண்டான கையெழுத்தில், "பார்க்கவில்லை. சௌந்தரராஜன்."

"கோயில்லேர்ந்து வந்தப்போ நீங்க இழுக்கற சத்தம் கேட்டுதாம்" என்றார் மாமி. "முருகேசன் அணைச்சிருப்பார்னு நானும் பாக்காம விட்டுட்டேன், தப்புல பாதி என்னோடதுன்னு சொல்லிண்டே இருப்பார். நீங்களா வந்து உங்க பாதியைச் சொல்வேள்னு காத்துண்டிருந்தார்."

ஒரு வருடம் காத்திருந்த மனிதர், இன்னும் ஒரு திங்கட்கிழமை காத்திருக்கக் கூடாதா சாமி? வாயைத் திறந்து, "நீதான்யா அணைக்கலை" என்று ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருக்கக் கூடாதா? உங்கள் பொறுமையைப் போல என்னை எரிச்சலூட்டியது எதுவும் இல்லை. இனி எனக்கு அது கிடைக்கவும் போவதில்லை.

மாமியிடம் பேனாவை மறுபடி வாங்கி, அந்தக் காலிக் கட்டத்தில் "அணைக்கவில்லை. முருகேசன்" என்று எழுதினேன். இப்போது அந்த வரியில் இரண்டு கையெழுத்துகளும் இருக்கின்றன. போய் வாருங்கள் சாமி. சுவிட்சைப் பார்த்துவிட்டேன்.