கட்டத்தாளில் இருந்த கண்

இன்று காலை வாலாஜாபாத் பேருந்தில் செக்கிங் ஏறினார். பையில் தேடிய சீட்டு, என் விரல்களுக்கு நடுவே மிளகளவு சுருண்டு கிடந்தது.

"இன்னா டீச்சரம்மா, டிக்கெட்ட பீடியாட்டம் சுருட்டி வெச்சிக்கினு இருக்கீங்க?"

பேருந்தே சிரித்தது. நகத்தால் மெல்லப் பிரித்துக் கொடுத்தேன். பிரித்த பிறகும் அது சுருளவே பார்த்தது. சுருண்ட காகிதம் அப்படித்தான். எட்டாம் வகுப்பிலேயே எனக்கு அது தெரியும்.

அந்த வருஷம் தையல் டீச்சர் காகிதச் சுருள் வேலை காட்டினார். மெல்லிய காகித நாடாவை ஈர்க்கில் சுற்றி, நுனியைக் கஞ்சிப் பசையால் ஒட்டி, விரலால் அழுத்தினால் வட்டம் இதழாகும், இலையாகும். எனக்குக் கடைக் காகிதத்தில் நாட்டமில்லை. (வீட்டில் வாங்கித் தரமாட்டார்கள் என்பதை இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.) பஸ் டிக்கெட், சரிகை சுற்றி வந்த நீலத்தாள், வெங்காயச் சருகு, எது கிடைத்தாலும் சுருட்டினேன். சருகு மட்டும் நொறுங்கி நொறுங்கி, அரியாமலே என்னை அழவைத்தது.

அப்பா அட்டை குத்துகிறவர். புடவைக் கரையில் வரும் மயில் முதலில் கட்டம் போட்ட தாளில் சிவப்பு மைப் புள்ளிகளாக வரும். அதைப் பார்த்து, ஒரு வரிசைக்கு ஓர் அட்டையாக அப்பா துளை போடுவார். அட்டைகள் தறிமேல் ஏறினால், துளை சொன்னபடி இழை எழும்பும். துளையிலிருந்து விழும் பொட்டுகள் வீடெல்லாம் கிடக்கும். எவ்வளவு பெருக்கினாலும் மறுநாள் தலைமுடியில் இருக்கும். என் தாமரைகளுக்கு அவைதான் மகரந்தம்.

பள்ளிக் கண்காட்சிக்குத் தாமரைக் குளம் செய்யப்போகிறேன், முதல் பரிசு எனக்குத்தான் என்று வகுப்பில் சொல்லியும் வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் பெயர் எழுதத் தெரிந்த முதல் கை என்னுடையது. வருகிற கடுதாசியெல்லாம் நான் படித்துச் சொன்னால்தான் உண்டு. அந்தக் கர்வத்தில்தான், அப்பா இரண்டு நாள் மாகறலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, பலகைமேல் இருந்த கட்டத்தாளை எடுத்தேன். ஓர் எழுத்து இல்லை. எழுத்தில்லாத காகிதம் வெறும் காகிதம். கத்தரிக்கு வழிகாட்டக் கோடும் போட்டே இருந்தது. வரிசை வரிசையாக வெட்டிச் சுருட்டினேன்.

"இன்னாமா இது?" என்றார் வந்து நின்ற அப்பா.

"தாமரைக் குளம்பா."

"தாளு எங்க?"

"அதுல ஒரு எழுத்துகூட இல்லியேப்பா!"

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "படிச்ச பொண்ணு பண்ற வேலையப் பாரு. மொதலாளி வந்து அட்டை கேட்டா இந்தக் குளத்த காட்டறதா?"

வேறு தாள் கிடையாது. தொலைந்தால் தாள் கொடுத்த பட்டு முதலாளி மறுபடி வேலை தரமாட்டார் என்பது எனக்கும் தெரியும்.

அப்பா கத்தவில்லை. ஓர் இதழைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார். "இது கொண்டையில மூணாவது வரி." இன்னொன்று. "இது கழுத்து." எனக்கு எல்லாம் ஒரே சிவப்புப் புள்ளிகள். நான் பிரிக்க, அவர் அடுக்கினார். மறுபடி சுருளாமல் அம்மா புளியங்கொட்டைகளைப் பாரம் வைத்தாள். என் குளம் வற்றிக்கொண்டே போனது. தரையில் ஒரு மயில் காலிலிருந்து மெல்ல எழுந்தது.

ஒரு வரி மட்டும் இல்லை. அதில் செய்த சின்னப் பூவை, என் வகுப்பில் படித்த பக்கத்து வீட்டு ரமணிக்குக் கொடுத்திருந்தேன். ஓடினேன்.

"அத்த தலையில வெச்சிக்கினு நேத்து தெப்பத்துக்குப் போனேன்டி. கூட்டத்துல எங்கியோ உழுந்துச்சு."

"அது கண்ணு இருக்கிற வரிமா," என்றார் அப்பா.

அந்த அட்டையை மனத்திலிருந்து குத்தினார். கண் ஒரு கட்டம் நீண்டுவிட்டது. நெய்து வந்த கரை முழுக்க மயில்கள் அரைக்கண் மூடி, ஏதோ கனவு காண்பதுபோல் நின்றன. முதலாளி விரித்துப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"இன்னாயா, மயிலு தூங்குது?"

"மத்தியான மயிலு மொதலாளி."

அவர் சிரித்துவிட்டார். அடுத்த தாளும் வந்தது. அதை அப்பா பரண்மேல் வைத்தார்.

கண்காட்சிக்கு நாலு பஸ் டிக்கெட் பூக்களோடு போனேன். பரிசு, கடைக் காகிதத்தில் கிளி செய்த ரமணிக்கு.

அந்த அட்டைக் கட்டு பின்னொரு மழையில் ஊறிப்போனது. புடவைகள் எந்தெந்த ஊர்க் கல்யாணங்களுக்குப் போயினவோ. இப்போதும் பட்டுடுத்தி யாராவது எதிரே வந்தால், முகத்தைப் பார்க்கும் முன் கரையைத்தான் பார்க்கிறேன். மயில்கள் இருக்கின்றன. எல்லாமே நன்றாக விழித்துக்கொண்டிருக்கின்றன.